லாஸி என்று பெயர் வைத்த ஆண் நாய்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கும் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா, கால்நடை மருத்துவரான எனக்கு எழுதியிருக்கிறார். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் நீளமானது, முக்கியமானதை மட்டும் அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

"டாக்டர் தம்பி, எனக்கு 61 வயது. டிவி வருவதற்கு முன்னால் எங்கள் மாமா பண்டிகை நாளில் புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்துவந்து, வீட்டுச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார். அதில்தான் லாஸி என்ற கோலி இனத்து நாயின் படத்தைப் பார்த்தேன். கொஞ்ச நாளில் தெருவில் கிடந்த ஒரு குட்டியைத் தூக்கிவந்து லாஸி என்று பெயர் வைத்தோம். அது ஆண் குட்டி. பொட்டைப் பெயர் வைத்திருக்கிறீர்களே என்று பக்கத்து வீட்டுப் பையன்கள் கேலி செய்யாத நாளில்லை. 76ல் டிவி வந்தது. எங்கள் ரோட்டில் ஒரே வீட்டில்தான் இருந்தது. ஹைடி கார்ட்டூன் போடும் நேரம் அந்த வீட்டுத் தரையில் உட்கார இடம் இருக்காது, லாஸி எங்களுக்காக வாசற்படியில் படுத்திருப்பான். எனக்கு 15 வயதில் செத்துப்போனான். மூன்று நாள் சோறு தொடவில்லை, மூத்திரம் காபி நிறத்தில் போனது, ஈறெல்லாம் வெளுத்துவிட்டது, நான்காம் நாள் காலையில் போய்விட்டான். டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லி அழுதேன். அப்பாவுக்கு முனிசிபாலிட்டியில் வேலை, வாரச் சம்பளம். 'நாய்க்கு டாக்டரா' என்றார். ரொம்ப நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். இப்போது அவரும் இல்லை. ரிட்டையர் ஆனதிலிருந்து ராத்திரியில் போனில் பழைய லாஸி தொடரைப் பார்த்து அழுகிறேன், வீட்டுக்காரர் சிரிக்கிறார். ஜோபர்க்கில் இருக்கும் மகன், நிஜ லாஸியே வாங்கித் தருகிறேன் அம்மா என்று இன்டர்நெட்டில் ஒரு கோலி குட்டி பார்த்திருக்கிறான். பாதிப் பணம் முன்னால் கட்டச் சொல்கிறார்களாம். வாங்கலாமா? இன்னொன்று, இத்தனை வருடமாக மனதில் கிடக்கிறது. அன்று டாக்டரிடம் போயிருந்தால் அவன் பிழைத்திருப்பானா?"

அக்கா, முதலில் மகனுக்குப் போன் போட்டு அந்தப் பணத்தைக் கட்டவேண்டாம் என்று சொல்லுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம். குட்டியை நேரில் காட்டாமல், தாய் நாயைக் காட்டாமல், வெறும் படத்தை அனுப்பிப் பாதிப் பணம் கேட்கிறார்கள் என்றால் பெரும்பாலும் அங்கே குட்டியே கிடையாது. இது நடக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான். முதலில் முன்பணம், அப்புறம் விமானத்தில் ஏற்றக் கூண்டுக்கு ஒரு தொகை, அப்புறம் இன்ஷூரன்ஸ், அப்புறம் குட்டிக்கு வழியில் ஏதோ ஊசி போடவேண்டியிருக்கிறதாம், அதற்கு ஒரு தொகை, கேட்கக் கேட்கக் கட்டிக்கொண்டே வந்தால் ஒருநாள் அந்த நம்பரே வேலை செய்யாது. இப்படி ஏமாந்து என்னிடம் வந்து புலம்பியவர்கள் இருக்கிறார்கள், அதில் ஒருவர் பாங்கில் வேலை பார்ப்பவர்! கோலியே வேண்டுமென்றால் நாய் வளர்ப்பாளர் சங்கமான கென்னல் யூனியனில் பதிவுசெய்த வளர்ப்பாளர் வீட்டுக்கு நேரில் போய், தாயையும் குட்டியையும் சேர்த்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். ஆனால் உங்களுக்குக் கோலி வேண்டுமா என்பதே எனக்குச் சந்தேகம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அந்தக் கேலி செய்த பையன்கள் இன்னும் அக்கம்பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். திரையில் வந்த லாஸியும் ஆண்தான். 1943ல் வந்த முதல் படத்துக்கு முதலில் ஒரு பெண் கோலியைத்தான் எடுத்தார்கள், நல்ல அழகு நாய், ஆனால் படப்பிடிப்பு நேரத்தில் அதற்கு முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. பெண் கோலிக்குக் கோடையில் முடி அதிகமாக உதிரும், ஆண் நாய்க்கு அவ்வளவு உதிராது. அந்தப் படத்தில் ஆபத்தான காட்சிகளுக்கு மட்டும் என்று பால் என்ற ஓர் ஆண் கோலியை வைத்திருந்தார்கள். வெள்ளம் போகும் ஆற்றை நீந்திக் கடந்து கரையேறும் காட்சியில் அது செய்ததைப் பார்த்தபின் படம் முழுக்கவே அதற்குப் போய்விட்டது. இந்தப் பாலை முதலிலிருந்தே எல்லோரும் கொண்டாடினார்கள் என்று நினைக்காதீர்கள். ஓயாமல் குரைக்கிறது, மோட்டார் சைக்கிளைத் துரத்துகிறது என்று சொந்தக்காரர் ரட் வெதர்வாக்ஸ் என்ற பயிற்சியாளரிடம் விட்டுவிட்டு, கடைசியில் பயிற்சிக் கூலிக்குப் பதிலாக நாயையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். யாரும் வேண்டாம் என்று விட்ட நாய், உங்கள் லாஸி மாதிரியே.

நீங்கள் ராத்திரியில் பார்க்கும் டிவி தொடர் 1954ல் ஆரம்பித்து 1973 வரை ஓடியது. ஆரம்ப மாதிரி எபிசோடுகளில் மட்டும் பால் நடித்தது, அப்புறம் அதன் மகன், அதற்குப்பின் இன்னும் சில நாய்கள், எல்லாமே ஆண். ஆண் நாய் உருவத்தில் பெரியது, பக்கத்தில் நிற்கும் பையன் இரண்டு வருடம் வளர்ந்தாலும் சின்னப்பிள்ளையாகவே தெரிவான், அதுவும் அவர்களுக்கு வசதி. தொடரில் வரும் பையன் டிம்மி கிணற்றில் விழுந்ததாகவும் லாஸி ஓடிவந்து சொன்னதாகவும் உலகம் முழுக்கச் சொல்வார்கள், தொடரில் அவன் ஒருதடவைகூடக் கிணற்றில் விழவில்லை. விழாத கிணறும் நமக்கு ஞாபகம் இருக்கிறது, பாருங்கள்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், மகன் வாங்கித் தருகிறேன் என்கிற அந்த 'நிஜ லாஸி' எந்த வளர்ப்பாளர் வீட்டிலும் கிடையாது. கதவைத் திறப்பது, அடிபட்ட காலைத் தூக்கி நொண்டுவது, சரியான நேரத்தில் திரும்பி ஏக்கமாகப் பார்ப்பது, இதெல்லாம் காமிராவுக்கு வெளியே கறித்துண்டும் கையுமாக நின்ற ஒரு மனிதர் நாள் முழுக்கச் செய்யவைத்த வேலை. லாஸி குடும்பத்து நாய்களில் பெரும்பாலானவை அந்தப் பயிற்சியாளர் வீட்டிலேயே வளர்ந்து வயசாகிச் செத்தன, அந்தமட்டில் நல்லது. எல்லா டிவி மிருகத்துக்கும் அப்படி அமையவில்லை. 1964லிருந்து 1967 வரை வந்த ஃபிளிப்பர் தொடரில் ஒரே டால்ஃபின் பெயரில் பல டால்ஃபின்கள் நடித்தன. அதில் கேத்தி என்ற ஒன்று 1970ல் தொட்டியில் செத்தபிறகு, அவற்றைப் பிடித்துப் பழக்கிய ரிக் ஓபாரியே அந்தத் தொழிலை விட்டு, டால்ஃபினை அடைத்துவைக்கக்கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை போட ஆரம்பித்தார். பழைய தொடர் பார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை அக்கா, நானும் பார்க்கிறவன்தான். நம் நாட்டில் அரசாங்கம் டிவியை 1976 ஜனவரி வரை உள்ளே விடவே இல்லை, விட்டபோதும் ஒரே சானல், சாயங்காலம் சில மணி நேரம், பாதி இங்கிலீஷ் பாதி ஆப்பிரிக்கான்ஸ். ஜப்பான்காரர்கள் வரைந்த சுவிட்சர்லாந்துப் பெண் ஹைடி ஆப்பிரிக்கான்ஸ் பேச, அதை நம் வீட்டுப் பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தார்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அப்படிப் பார்த்தது மனதை விட்டுப் போகாது, போகவும் வேண்டாம்.

சரி, உங்கள் லாஸி. நீங்கள் எழுதிய அடையாளத்தைப் படித்த இந்த நாட்டுக் கால்நடை மருத்துவர் யாரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்: பிலியரி. உண்ணிக் காய்ச்சல். நாயைக் கடிக்கும் மஞ்சள் உண்ணியிலிருந்து பபீசியா என்ற நுண்ணுயிர் ரத்தத்துக்குள் போய், சிவப்பணுவுக்குள் புகுந்து, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்ததற்குள் புகும். உடைந்த சிவப்பணுவின் சாயம்தான் நீங்கள் பார்த்த காபி நிறம். ஈறு வெளுத்ததும் அதனால்தான். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் பபீசியா ரோசி என்ற வகை மற்ற நாட்டு வகைகளைவிட மோசமானது. இங்கே அது காட்டில் கருமுதுகு நரியின் உடம்பில் பெரிய தொந்தரவில்லாமல் இருந்துகொள்ளும், வீட்டு நாயைத்தான் கொல்லும்.

பிழைத்திருப்பானா என்று கேட்டீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன். முதல் நாளே, சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிய அன்றே கொண்டுபோயிருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்தது. மருந்து அப்போதே உண்டு. நுண்ணுயிரைக் கொல்லும் ஊசி 1950களிலேயே வந்துவிட்டது, அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே டிரிப்பான் புளூ என்ற நீல மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள், போட்டபின் நாயின் ஈறெல்லாம் நீல மை தொட்ட மாதிரி ஆகிவிடும். ஆனால் மூன்றாம் நாள், ஈறு வெளுத்தபிறகு என்றால் கதை வேறு. அந்த நிலையில் ஊசி மட்டும் போதாது, வேறு நாயின் ரத்தம் ஏற்றவேண்டும், ஏற்றினாலும் சிறுநீரகமோ மூளையோ கைவிட்டுவிடும், இன்றைக்கு எல்லா வசதியும் இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே அப்படி நாய்கள் சாகின்றன. நீங்கள் அப்பாவிடம் அழுதது எந்த நாள் என்று கடிதத்தில் இல்லை. காபி நிற மூத்திரத்தைப் பார்த்துப் பயந்தபிறகுதான் அழுதிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் அவர் சரி என்று சொல்லியிருந்தாலும் லாஸி பெரும்பாலும் போயிருப்பான். முதல் நாள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, ஏனென்றால் உண்ணி கடித்தால் நாய் சாகும் என்று அந்த வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

அப்பாவைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, எனக்கு அவரைத் தெரியாது. ஆனால் ஒன்று. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் குடியிருந்த பக்கம்தான் கால்நடை மருத்துவர் கடை வைத்திருப்பார். வாரச் சம்பளக்காரர், கார் இல்லை, நோயாளி நாயை பஸ்ஸில் ஏற்றவும் மாட்டார்கள், போய்ச் சேர்ந்தாலும் பில் எவ்வளவு வரும் என்று தெரியாது. 'நாய்க்கு டாக்டரா' என்பது கல்மனசுக்காரர் பேச்சாகவும் இருக்கலாம், கையில் காசில்லாத மனிதர் பிள்ளை முன்னால் அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பேசியதாகவும் இருக்கலாம். இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன். இன்றும் என் மேசைக்கு எதிரே நின்று, பில்லைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரு நாய்க்குத் தேவையா என்று சத்தமாகச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே போகிறார்கள். லாஸி தொடரில் அரை மணி நேரத்துக்குள் நாய் அடிபட்டு, தொலைந்து, கிடைத்து, குணமாகி வீடு வந்துவிடும். பில் கட்டுகிற காட்சி ஒன்றுகூட வராது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பாசம் வைத்தால் போதும், நாய் பிழைத்துவிடும் என்றுதான் தோன்றும், பிழைக்காவிட்டால் யாரோ பாசம் வைக்கவில்லை என்றும் தோன்றும். உங்களுக்கு அப்பாமேல் வந்த கோபத்தில் இதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது கோலி. அது ஸ்காட்லாந்தின் குளிர் மலையில் ஆடு மேய்க்க வந்த நாய், இரண்டு அடுக்கு ரோமம். பிப்ரவரி மாதக் கோடையில் டர்பனில் மனுஷனுக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது, அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மொட்டையடித்துவிடலாம் என்று சிலர் செய்வார்கள், செய்யக்கூடாது, அந்த ரோமம்தான் வெயில் தோலில் படாமல் காக்கிறது. வாரத்துக்குச் சில தடவை உட்கார்ந்து அடிவரை சீவவேண்டும், சீவாவிட்டால் சடை விழுந்து அதற்குள் ஈரம் தங்கிப் புண்ணாகும், அந்தச் சடைக்குள் உண்ணியைத் தேடுவது வைக்கோல்போரில் ஊசி தேடுகிற கதைதான். இன்னொரு முக்கியமான விஷயம், கோலிகளில் பாதிக்கு மேல் ஒரு மரபணுக் குறை உண்டு. மூளைக்குள் போகக்கூடாத மருந்தை வெளியே தள்ளுகிற பம்பு ஒன்று அவற்றுக்குச் சரியாக வேலை செய்யாது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசியைப் பண்ணைக் கடையில் மலிவாக வாங்கி நாய்க்கும் போட்டுவிடும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. கோலிக்கு அப்படிப் போட்டால் கண் தெரியாமல், கால் தள்ளாடி, மயக்கத்துக்குப் போய், திரும்பாமலே போகலாம். நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் வயிற்றுப்போக்கு மாத்திரை லோபெரமைட்கூட அதற்கு ஆபத்து. கோலி நல்ல நாய், அறிவான நாய், குளிரான இடத்தில் பெரிய தோட்டத்தோடு இருக்கிறவர்கள் வளர்க்கட்டும். உங்களுக்கு நான் எழுதித் தரமாட்டேன்.

உங்களுக்கு என் யோசனை, ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் எஸ்பிசிஏ விலங்குக் காப்பகத்துக்கு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் போங்கள். குட்டிகள் பக்கம் போகாதீர்கள். குட்டி என்றால் ராத்திரி எழுந்து வெளியே விடவேண்டும், செருப்பைக் கடிக்கும், கால் நடுவே ஓடித் தட்டிவிடும், 61 வயதில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் அப்புறம் நாயை யார் பார்ப்பார்கள்? ஐந்தாறு வயதான, நடுத்தர உயரமுள்ள, குட்டை முடி நாட்டுக் கலப்பு நாய் ஒன்றைக் கேளுங்கள். அங்கே பெரும்பாலானவர்கள் குட்டியைத்தான் கேட்பார்கள், ஆறு வயது நாய் கூண்டுக் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டே இருக்கும். அதன் குணம் இதற்குள் வெளியே தெரிந்துவிட்டது, பூனையைத் துரத்துமா, பிள்ளைகளோடு சேருமா, தனியாக இருந்தால் ஊளையிடுமா என்று அங்கே இருப்பவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள். வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புவார்கள், கேட் சரியாகச் சாத்துகிறதா, சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்பார்கள், அதற்குக் கோபப்படக்கூடாது. தீபாவளி நெருங்கும் நேரத்தில் மட்டும் கூட்டிவராதீர்கள். வெடிச் சத்தத்தில் புதுவீட்டு நாய் சுவர் ஏறிக் குதித்து ஓடிவிடும், அந்த வாரம் தொலைந்த நாய் விளம்பரம்தான் எங்கும்.

வந்தபிறகு உங்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒரே ஒரு பழக்கம். தினமும் சாயங்காலம், டிவி பார்க்கும் நேரமே போதும், நாயைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையால் தடவிப் பாருங்கள். காது மடலுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், விரல் இடுக்கில், வாலுக்குக் கீழே. மிளகு மாதிரி விரலில் தட்டுப்பட்டால் உண்ணி. சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பாரஃபின் என்கிற மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி வைப்பது எதுவும் வேண்டாம். கழிவறைக்கு ஊற்றும் கறுப்பு ஃபுளூயிடைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவதைப் பெரியவர்கள் சொல்லித் தந்திருப்பார்கள், அது தோலையும் எரிக்கும், நக்கினால் உள்ளேயும் எரிக்கும். இப்போது உண்ணிக்கு மெல்லும் மாத்திரை இருக்கிறது, மாதத்துக்கு ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று, வகையைப் பொறுத்து. டர்பனில் குளிர்காலம் பேருக்குத்தான் வரும், அதனால் வருடம் முழுக்கக் கொடுங்கள். கூடவே மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல நாளில் பார்த்து அந்த இளஞ்சிவப்பு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்கவேண்டும். ஒருவேளை சோறு வேண்டாம் என்று படுத்து, உடம்பும் சுட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றே கொண்டுபோங்கள்.

சாப்பாட்டிலும் இரண்டு வார்த்தை. உங்கள் லாஸி மீலி என்கிற மக்காச்சோள மாவுக் களியும் மிச்ச கறிக் குழம்பும் தின்றே வளர்ந்திருப்பான், அன்று வேறு வழியில்லை. இப்போது குழம்பு ஊற்றாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவை உடைக்கும், பிரியாணி எலும்பு குடலைக் கிழிக்கும். புரட்டாசியில் வீடு முழுக்கச் சைவம் என்று நாய்க்கும் மாதம் முழுக்கத் தயிர்ச்சோறு மட்டும் போடுகிற வீடுகள் எனக்குத் தெரியும், விரதம் நமக்குத்தான் அக்கா, அதன் பிஸ்கட்டைப் பின்கட்டில் வைத்துப் போடுங்கள், ஒரு சாமியும் கோபிக்காது.

அழுகையைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை, நான் நாய்க்கு டாக்டர். வேலை நின்றபிறகு வரும் ராத்திரிகளில் பழையதெல்லாம் மேலே வருவது நிறையப் பேருக்கு நடக்கிறது, வீட்டுக்காரர் சிரிப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். ஆனால் தூக்கமே வராமல், சாப்பாடு இறங்காமல், கோயிலுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போவது நின்றுபோனால் உங்கள் டாக்டரிடம் சொல்லவேண்டும், அது நாய் விஷயம் மட்டும் இல்லை என்று அர்த்தம். போனில் பார்ப்பதை ராத்திரியிலிருந்து பகலுக்கு மாற்றிப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் வந்தால் சேர்ந்து பாருங்கள், கறுப்பு வெள்ளை என்று முதலில் முகம் சுளிப்பார்கள், நாய் வந்ததும் உட்கார்ந்துவிடுவார்கள்.

எஸ்பிசிஏவில் நாயோடு ஒரு தடுப்பூசி அட்டை தருவார்கள். அதைத் தொலைக்காமல் முதல் வாரத்திலேயே பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, ரேபிஸ் ஊசி அடுத்து எப்போது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் ரேபிஸ் இன்னும் போகவில்லை, ஊசி சட்டப்படியும் கட்டாயம். அரசாங்க முகாமில் இலவசமாகவே போடுவார்கள். மகன் அனுப்ப நினைத்த பணத்தில் உண்ணி மாத்திரைக்கும் ஒரு நல்ல கேட்டுக்கும் போக மீதியே இருக்கும்.